பழைய மாருதி ஆம்னி: என்னென்ன பழுதாகும், ஏன் பழுதாகும், எவ்வளவு செலவாகும் – முழுமையான வழிகாட்டி

1984-ல் மாருதி வேனாக வந்து, 1988-ல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி இது. இன்று ரோட்டில் ஓடும் ஆம்னிகளில் பெரும்பாலானவை பத்து வயதைத் தாண்டியவை. பதினைந்தைத் தாண்டி ஆர்.சி. புதுப்பித்து ஓடுபவையும் ஏராளம். காய்கறி ஏற்ற, கேட்டரிங் பாத்திரம் கொண்டுபோக, மைக்செட் கட்ட, குடும்பத்தோடு கோயிலுக்குப் போக என எல்லாவற்றுக்கும் ஈடுகொடுப்பதால்தான் விற்க மனம் வருவதில்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர், மாருதி 800-ல் இருந்த அதே எஃப்8பி குடும்பத்து இன்ஜின். ஸ்பேர்ஸ் எந்த ஊரிலும் கிடைக்கும், வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்.

ஆம்னியில் செலவு செய்வதற்கு முன் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினைப் பார்த்து வண்டியை மதிப்பிடாதீர்கள், பிளாட்பாரத்தை, அதாவது அடிப்பாகத்தைப் பார்த்து மதிப்பிடுங்கள். புகைக்கிற இன்ஜினை நாற்பதாயிரத்துக்குள் புதிதுபோல ஆக்கிவிடலாம். அடிப்பாகம் அரித்துப்போன வண்டியில் எவ்வளவு கொட்டினாலும் அது இரண்டு மழைக்காலத்துக்குத்தான் தாங்கும்.

கீழே வரும் தொகைகள் தமிழ்நாட்டில் தனியார் ஒர்க்‌ஷாப்பில், பாகமும் கூலியும் சேர்த்து ஏறத்தாழ ஆகும் செலவு. பாகத்துக்கு மட்டும் சொல்லும் இடங்களில் அப்படியே குறிப்பிட்டிருக்கிறோம். ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கோட்டேஷன் இதற்கு இருமடங்காக இருந்தால் காரணம் கேளுங்கள். பாதியாக இருந்தால் என்ன பாகம் போடுகிறார்கள் என்று கேளுங்கள்.

அடிப்பாகம்: முதலில் பார்க்க வேண்டிய இடம்

ஆம்னிக்குத் தனியாகக் கனமான சேஸிஸ் கிடையாது. பாடியோடு சேர்த்து வெல்டு செய்த தகடுகளும், அவற்றை ஒட்டி நீளவாக்கில் ஓடும் ரெயில்களும்தான் முழு எடையையும் தாங்குகின்றன. ஆகவே துரு இங்கே வெறும் அழகுப் பிரச்சினை இல்லை.

பார்க்கும் முறை:

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது.
2. உள்ளே மேட்டை முழுவதும் எடுத்துவிடுங்கள். ரப்பர் மேட்டுக்கு அடியில் உள்ள சணல் விரிப்பு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தகடு மேலிருந்து அரிப்பது இதனால்தான்.
3. சின்ன சுத்தியலின் பின்பக்கத்தால் அடியிலிருந்து தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும், பெயின்ட் பொருக்கு உதிரும்.
4. சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அது ஓட்டைதான். மேலே அடித்த அண்டர்கோட்டிங் அதை மறைத்திருக்கும், அவ்வளவே.

குறிப்பாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: டிரைவர் கால் வைக்கும் தரை, ஸ்லைடிங் டோரின் கீழ்ரெயிலும் படியும், நான்கு வீல் ஆர்ச்சுகள், பேட்டரி தட்டு, பின்கதவின் கீழ்விளிம்பு, பின் ஆக்ஸிலைத் தாங்கும் கமான் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) இரு முனைகளும் பாடியோடு சேரும் பிராக்கெட். கடைசியாகச் சொன்ன பிராக்கெட்தான் மிக முக்கியம். அது விட்டால் பின் ஆக்ஸிலே இடம் பெயரும். கடலோர ஊர் வண்டிகளையும், மீன், ஐஸ் ஏற்றிய வண்டிகளையும் இந்த இடத்தில் இரண்டு முறை பாருங்கள்.

தரையில் ஒட்டுப்போட்டு வெல்டு செய்வது 5,000 முதல் 8,000 ரூபாய். வீல் ஆர்ச், படி, தரை எல்லாம் சேர்த்து முழு டிங்கரிங், பெயின்டிங் என்றால் 25,000-லிருந்து 45,000 வரை போகும். ரெயிலோ பிராக்கெட்டோ அரித்திருந்தால் நல்ல தகடு கிடைக்கும் இடம்வரை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும். அரித்த தகட்டின்மேல் தகடு வைத்து அடிக்கும் டிங்கர் ஒரு வருடத்தில் மறுபடி உங்களைப் பார்ப்பார். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றச் சொல்லுங்கள். எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரில் பெட்ரோல் செலுத்தும்) வண்டியில் இதை விட்டால் இசிஎம், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், போய்விடும் அபாயம் உண்டு. பெட்ரோல் டேங்க், லைனுக்கு அருகில் வெல்டு என்றால் டேங்கைக் கழற்றிய பிறகுதான்.

தரை ஓட்டைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, பலர் இதை நினைப்பதே இல்லை. ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஊதினாலோ சைலன்சர் குழாய் விட்டாலோ, கரும்புகையோடு நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் ஓட்டை வழியாக உள்ளே வரும். சீட்டுக்கு அடியில் உள்ள இன்ஜின் மூடியின் ரப்பர் பீடிங் நைந்திருந்தாலும் இதே கதை. வண்டியில் உட்கார்ந்தால் தலைவலி, தூக்கக் கலக்கம் என்று யாராவது சொன்னால் ஏசியையோ வெயிலையோ குறை சொல்லாமல் முதலில் எக்ஸாஸ்டைப் பாருங்கள். பீடிங் சில நூறு ரூபாய். மேனிஃபோல்டு கேஸ்கெட் மாற்ற 800 முதல் 1,500. சைலன்சர் 2,000 முதல் 3,500.

சூடு ஏறுவது

ஆம்னி இன்ஜினைக் கொல்வது கிலோமீட்டர் இல்லை, சூடுதான். ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் சீட்டுக்கு அடியில் என்பதால் கூலன்ட் குழாய்கள் நீளமானவை. குழாய் நீளமாக இருந்தால் காற்று அடைக்கவும் கசியவும் வாய்ப்பு அதிகம். காற்றோட்டம் குறைந்த இடத்தில் இன்ஜின் இருப்பதால், ஃபேன் ஓடாவிட்டால் டிராஃபிக்கில் சில நிமிடங்களில் முள் ஏறிவிடும்.

நம் ஊரில் இதை மோசமாக்குவது போர் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றினால் ரேடியேட்டர் டியூப்களில் படிமம் கட்டும். வாட்டர் பம்ப் இம்பெல்லரும் அரிக்கும். கூலன்ட்டை டிஸ்டில்ட் வாட்டரோடு, பாட்டிலில் சொன்ன விகிதத்தில் மட்டும் கலந்து ஊற்றுங்கள்.

சூடு ஏறும் வண்டியில் மெக்கானிக் எடுத்த எடுப்பில் ஹெட்டை (இன்ஜினின் மேல்பாகம்) கழற்றச் சொன்னால் நிறுத்துங்கள். மலிவானதிலிருந்து தொடங்கிப் போக வேண்டும்:

1. இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். புது மூடி 150–250 ரூபாய்.
2. இன்ஜினை ஐடிலில் விட்டு ஃபேன் ஓடுகிறதா பாருங்கள். ஓடாவிட்டால் தெர்மோ சுவிட்சின் இரண்டு வயரையும் இணைத்துப் பாருங்கள். அப்போது ஓடினால் சுவிட்ச் கோளாறு, 300–500. அப்போதும் ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். மோட்டார் 1,200–2,000.
3. இன்ஜின் சூடானதும் மேல்ஹோஸும் கீழ்ஹோஸும் சூடாக வேண்டும். மேல்ஹோஸ் வெகுநேரம் ஜில்லென்றே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. 250–500 ரூபாய் பாகம்.
4. ரேடியேட்டரின் ஒரு பகுதி சூடாகவும் ஒரு பகுதி ஆறியும் இருந்தால் டியூப் அடைப்பு. கழற்றி ராடிங் (டியூப்களைக் கம்பியால் குத்திச் சுத்தம்) செய்ய 600–1,000. புது ரேடியேட்டர் 2,500–4,500.
5. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன வடிதுளை உண்டு. அங்கே கூலன்ட் கறை இருந்தால் உள் சீல் போய்விட்டது. பம்ப் 800–1,500, கூலி தனி.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப்போட்டுவிடுவது பல பட்டறைகளில் வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவும், ரிங் சீக்கிரம் தேயும். 400 ரூபாய் மிச்சம் பிடித்து இன்ஜின் வேலைக்கு வழி செய்வதுதான் இது.

கூலன்ட் மாற்றிய பிறகு ஏர் எடுப்பதில் பலர் அவசரப்படுகிறார்கள். வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடி ஐடிலில் ஓட விட்டு, ஹோஸ்களை அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழி வருவது நின்று, ஃபேன் இரண்டு முறை ஓடி நின்ற பிறகு மட்டம் நிரப்பி மூடுங்கள். மறுநாள் காலை ஆறிய நிலையில் மறுபடி மட்டம் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ஹெட் கேஸ்கெட்டா, முழு இன்ஜினா?

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள கேஸ்கெட் போனதற்கான அடையாளங்கள் தெளிவானவை. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், சூடாகும் முன்பே, மேல்ஹோஸ் கல்போல் இறுகும். மூடி திறந்திருந்தால் ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழி வரும். சைலன்சரில் நிற்காத வெள்ளைப்புகை வரும். ஆயில் மூடியின் உட்புறத்தில் பால்கோவா நிறத்தில் பசை இருக்கும். குளிர்காலத்தில் குறைந்த தூரம் ஓடும் வண்டியில் மூடியில் மட்டும் கொஞ்சம் பசை கட்டுவது சாதாரணம். டிப்ஸ்டிக்கிலும் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரு முறை கடுமையாகச் சூடேறினாலே ஹெட் வளைந்துவிடும். கழற்றியதும் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். 0.05 மி.மீ. தாண்டினால் லேத்தில் ஃபேஸிங் போட்டு மட்டமாக்கியே ஆக வேண்டும். அளக்காமல் புது கேஸ்கெட் மட்டும் போட்டால் மூன்றே மாதத்தில் திரும்ப வரும். மாட்டும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். கை அளவுக்கு இறுக்கும் இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கேஸ்கெட், ஃபேஸிங், வால்வு கிரைண்டிங், ஆயில், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 6,000 முதல் 10,000 ஆகும்.

முழு இன்ஜின் வேலை தேவையா என்பதைப் புகையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கம்ப்ரஷன் டெஸ்ட் 300–500 ரூபாய்க்கு எடுக்கலாம். இன்ஜினைச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். சிலிண்டர்களுக்கு இடையே ஒரு சதுர செ.மீ.க்கு 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு உண்டு. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்துளை) தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட், அதாவது ஹெட் வேலையோடு முடியும். இந்த ஒரு சோதனை இருபதாயிரம் ரூபாயை மிச்சப்படுத்தக்கூடியது.

நீலப்புகை எப்போது வருகிறது என்பதும் சொல்லும். இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு முறை வந்து நின்றால் வால்வு சீல், 1,500–3,000 ரூபாய் வேலை. மேடு ஏறும்போதும் முடுக்கும்போதும் தொடர்ந்து வந்தால் ரிங். ஸ்டாண்டர்டு போர் 68.5 மி.மீ. தேய்மானத்தைப் பொறுத்து 0.25 அல்லது 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு போரிங் செய்வார்கள். கிராங்க் கிரைண்டிங், பேரிங், ஆயில் பம்ப், டைமிங் பெல்ட், கேஸ்கெட் செட் அனைத்தும் சேர்த்து 25,000 முதல் 40,000. இவ்வளவு செலவு செய்யும்போது கிளட்ச் செட்டையும் வாட்டர் பம்பையும் கூடவே மாற்றிவிடுங்கள், கூலி மறுபடி ஆகாது.

முடிந்த இன்ஜினை முதல் 1,000 கி.மீ. அதிக பாரம் ஏற்றாமல், ஒரே வேகத்தில் வெகுநேரம் ஓட்டாமல் பழக்குங்கள். முதல் 500-ல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஆயில் சுமார் 3 லிட்டர் பிடிக்கும். டிப்ஸ்டிக்கின் இரு குறிகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். சீட்டைத் தூக்கித்தான் பார்க்க வேண்டியிருப்பதால் ஆம்னியில் ஆயில் பார்க்கும் பழக்கமே பலருக்கு இல்லை. வாரம் ஒரு முறை பாருங்கள்.

டைமிங் பெல்ட்

60,000 கி.மீ. அல்லது ஐந்து வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுவது நல்லது. வாங்கிய பழைய வண்டியில் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் இன்றே மாற்றுங்கள். சீல் கசிந்து ஆயில் பட்டால் ரப்பர் ஊறிப் பல் உதிரும். ஆகவே பெல்ட்டோடு கேம் சீல், கிராங்க் சீல், டென்ஷனர் பேரிங்கும் போட வேண்டும். மொத்தம் 2,000–3,500.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியவை: பழைய பெல்ட்டைக் கழற்றும் முன் கேம் புல்லியின் குறி உள்கவரில் உள்ள குறியோடும், கிராங்க் புல்லியின் குறி ஆயில் பம்ப் மேல் உள்ள அம்புக்குறியோடும் நேராக நிற்க வேண்டும். புது பெல்ட் மாட்டியபின் டென்ஷனர் போல்ட்டை இறுக்காமல், கிராங்க்கைக் கையால் கடிகாரச் சுற்றில் முழுதாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். குறிகள் மறுபடி நேராக வந்தால்தான் இறுக்க வேண்டும். ஒரு பல் தவறினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆனால் இழுக்காது, சூடேறும், மைலேஜ் விழும். மெக்கானிக் பிறகு கார்புரேட்டரைத் தோண்டிக்கொண்டிருப்பார்.

பெட்ரோல் பக்கம்

கார்புரேட்டர் மாடலில் வரும் புகார்களில் பாதி அழுக்கினால் வருபவை. ஸ்டார்ட் ஆகி ஐடிலில் நிற்காமல் ஆஃப் ஆனால் ஐடில் ஜெட் அடைப்பு. சில நேரம் பெட்ரோல் வழிந்து வாடை வந்தால் ஃப்ளோட் நீடில் தேய்மானம். ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு கணம் மூச்சு வாங்கினால் ஆக்சிலரேட்டர் பம்ப் டயஃப்ரம். ரிப்பேர் கிட் 400–800, கூலி 500–800. திராட்டில் ஷாஃப்ட் ஆடினால் கிட் உதவாது, அதன் இடைவெளியில் காற்று இழுத்துக்கொண்டே இருக்கும். அப்போது முழு கார்புரேட்டரையே மாற்ற வேண்டும், 3,500–6,000.

பெட்ரோல் பம்ப் இந்த மாடலில் ஹெட்டில் மாட்டிய மெக்கானிக்கல் டயஃப்ரம் பம்ப். டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் கலக்கலாம். டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறுவதும் பெட்ரோல் வாடையும் அதன் அடையாளம். அப்படியே ஓட்டினால் பேரிங் போகும். பம்பையும் ஆயிலையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வெயிலில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் எடுக்காமல், அரைமணி ஆறியதும் எடுத்தால், லைனில் பெட்ரோல் ஆவியாகி அடைக்கிறது என்று பொருள். ரிட்டர்ன் லைன் அடைப்பையும், கார்புரேட்டருக்கு அடியில் உள்ள சூடு தடுக்கும் பேக்கிங் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எக்ஸாஸ்டுக்கு அருகில் போகும் குழாயை விலக்கிக் கட்டுங்கள்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் ஐடில் ஏறி இறங்கினால் திராட்டில் பாடியையும் ஐடில் வால்வையும் கிளீனரால் கழுவுவதிலிருந்து தொடங்குங்கள், 500–1,000. வேக்குவம் குழாயில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். செக் லைட் எரிந்தால் ஸ்கேன் செய்யாமல் சென்சார் மாற்றச் சம்மதிக்காதீர்கள். டேங்க் பம்ப் 2,500–4,500. கால் டேங்குக்குக் கீழே ஓட்டுவதே பழக்கமாக இருந்தால் பம்ப் குளிர்ச்சி கிடைக்காமல் சீக்கிரம் போகும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ஆம்னி தயாரான காலத்து ரப்பர் இதற்காக வடிவமைக்கப்பட்டதில்லை. எத்தனால் பழைய ஹோஸ்களையும் டயஃப்ரங்களையும் ஊறவைத்து வெடிக்கச் செய்யும், ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்கின் உள்ளே துருப்பிடிக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் தரத்தில் ஒரேயடியாக மாற்றுங்கள். கிளிப்போடு 1,000–1,800 ரூபாய். இன்ஜின் உட்காரும் இடத்துக்கு மேலேயே ஆட்கள் உட்காரும் வண்டியில் இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேஸ் வண்டி

எல்பிஜியில் ஓடும் ஆம்னிக்கு வீட்டு சிலிண்டரிலிருந்து மோட்டார் வைத்து கேஸ் ஏற்றுவது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். ஸ்டார்ட்டரின் ஒரு பொறி போதும். கிட்டும் டேங்க்கும் ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். டேங்க்கை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை டெஸ்ட்டுக்கு விட வேண்டும். தேதி முடிந்த டேங்க் உள்ள வண்டியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அப்படியே ஓட்டாதீர்கள்.

கேஸில் ஓடும்போது வேப்பரைசர் (திரவ கேஸை ஆவியாக்கும் கருவி) மேல் பனி படிந்து வண்டி இழுக்காமல் போனால் அதற்குச் சூடான கூலன்ட் போகவில்லை. கூலன்ட் குறைவா, காற்று அடைப்பா என்று பாருங்கள். கேஸ் வறட்டுத்தனமாக எரிவதால் வால்வு சீட் தேய்ந்து இடைவெளி குறையும். 10,000 கி.மீ.க்கு ஒரு முறை டேப்பெட் (வால்வு இடைவெளி) செட் செய்யுங்கள், 400–700. தினமும் முதல் இரண்டு கி.மீ. பெட்ரோலில் ஓட்டினால் பெட்ரோல் பக்கமும் காய்ந்து போகாது.

கிளட்ச், கியர், பின் ஆக்ஸில்

ஹேண்ட்பிரேக் போட்டு நான்காவது கியரில் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே ஆஃப் ஆனால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. ஓடிக்கொண்டே இருந்தால் நழுவுகிறது. ஆனால் முதலில் கேபிள் பிளேயைப் பாருங்கள். பெடலில் 15–25 மி.மீ. வெற்று அசைவு இல்லாவிட்டால் நல்ல கிளட்ச்சும் நழுவும். கேபிள் 300–500 ரூபாய்தான். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்த்து 3,500–5,500. மூன்றையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். இன்ஜினின் பின் சீல் கசிந்து பிளேட்டில் ஆயில் பட்டிருந்தால் அதையும் அப்போதே போடுங்கள்.

கியர் போட்டு கிளட்ச் விடும்போது அடியில் ‘டக்’ என்று கேட்டால் பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (இணைப்பு மூட்டு) தேய்ந்திருக்கும். சக்கரத்துக்கு அடை வைத்து, நியூட்ரலில் ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள், ஆட்டம் தெரியும். கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் ஷாஃப்ட்டிலும் ஒரே நேரில் கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மாற்றி மாட்டினால் பேலன்ஸ் போய் 60 கி.மீ. வேகத்தில் வண்டி அதிரும். இரண்டு கிராஸும் கூலியோடு 1,500–2,500.

வேகத்தோடு ஏறும் ‘ஊ…’ சத்தம் பின் ஆக்ஸில் ஹவுசிங்கிலிருந்து வருகிறதென்றால் முதலில் ஆயில் மட்டம். 80டபிள்யூ-90 கியர் ஆயில், ஃபில்லர் ஓட்டையின் விளிம்பு வரை. ஹவுசிங்கின் மேலே ஒரு பிரீதர் மூடி உண்டு. அது சேற்றில் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆக்ஸில் சீல் வழியாக ஆயில் பின் டிரம்முக்குள் போகும். சீலை எத்தனை முறை மாற்றினாலும் கசிகிறதென்றால் யாரும் பிரீதரைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பிரேக், ஸ்டீயரிங், பட்டை

இதில் பேரம் பேசாதீர்கள். பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் முன்னால் காலிப்பர் பின் இறுகியிருக்கும், அல்லது பின்னால் ஷூவில் ஆயில் பட்டிருக்கும். ஆயில் ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவது வீண், தூக்கிப்போடுங்கள். பெடலை மிதித்துப் பிடித்தால் மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டர் கப். பேட் 500–900, ஷூ செட் 500–900, வீல் சிலிண்டர் ஒன்று 300–500, மாஸ்டர் சிலிண்டர் 1,200–2,000, இவை பாக விலை. முழுதாக ஒரு சுற்றுப் போட்டால் 5,000–7,000-ல் முடியும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். அது ஈரம் உறிஞ்சும், இறக்கத்தில் கொதித்துப் பெடல் பஞ்சாகிவிடும்.

முன்டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தால் அலைன்மென்ட்டுக்கு ஓடும் முன் டை ராடு எண்டு, பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ் ஆட்டம் பாருங்கள். ஆட்டத்தோடு செய்த அலைன்மென்ட் ஒரு வாரம் நிற்காது. முன் ஸ்ட்ரட் ஒன்று 1,500–2,200, ஜோடியாக மாற்றுங்கள். 12 இன்ச் டயர் ஒன்று 2,500–3,200.

பின்னால் கமான் பட்டையின் நடு போல்ட் அறுந்தால் ஆக்ஸில் நகர்ந்து வண்டி குறுக்காக ஓடும். அதிக பாரம் ஏற்றும் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். வண்டி சுமக்கட்டும் என்று கூடுதல் பட்டை வைப்பவர்கள் உண்டு. பட்டை தாங்கும், ஆனால் பாரம் பிராக்கெட்டுக்கும் பாடிக்கும் போகிறது, பிரேக்கும் அதற்கேற்ப வளராது. யூ-போல்ட்டுகளைப் பட்டை வேலை முடிந்து 500 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும்.

மின்சாரப் பக்கம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆம்னியில் கோளாறுகள் பெரும்பாலும் பின்னாளில் செருகிய ஹாரன், லைட், ஸ்பீக்கர் வயர்களால் வருபவை. ஃபியூஸ் இல்லாத ஒவ்வொரு வயரையும் எடுத்துவிடுங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் உள்ள எர்த் ஸ்ட்ராப்பைச் சுத்தம் செய்தாலே பாதி ஸ்டார்ட்டர் புகார் தீரும்.

எதை எந்த வரிசையில்

பிளாட்பாரம் நன்றாக உள்ள பழைய ஆம்னி கையில் இருந்தால், முதல் சுற்றில் பிரேக், பெட்ரோல் ஹோஸ், ஸ்டீயரிங் ஆட்டம், டைமிங் பெல்ட், கூலிங். இவை எல்லாம் சேர்த்து 18,000–25,000-க்குள் அடங்கும். அடுத்த சுற்றில் கிளட்ச், கிராஸ், டயர், டிங்கரிங். புகை கொஞ்சம் வந்தாலும் ஆயில் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டருக்குள் குறைகிறதென்றால் இன்ஜினைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். ரெயிலும் அரித்து இன்ஜினும் முடிந்த வண்டியை ஸ்கிராப்புக்கு விடுங்கள். அதில் போடும் பணத்துக்கு நல்ல பாடி உள்ள வேறொரு ஆம்னியே கிடைக்கும்.

சென்னையில் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய பாகம் வாங்கலாம். கதவு, கண்ணாடி, சீட், ஸ்லைடிங் டோர் ரெயில், கியர் பாக்ஸ், ஹவுசிங் ஆகியவற்றைத் தாராளமாக வாங்கலாம். பிரேக் சம்பந்தப்பட்டவை, டை ராடு, பால் ஜாயின்ட், ரப்பர், பெட்ரோல் பம்ப், கேஸ் பாகம் எதையும் பழையதாக வாங்கக் கூடாது.

பதினைந்து வருடம் முடியும் சொந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்தல் செலவையும் கணக்கில் சேருங்கள். படிவம் 25-ல், காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் புதுப்பித்தல் கட்டணம் காருக்கு 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்ட் முதல் 10,000. பசுமை வரி தனி. புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும். டிங்கரிங், பிரேக், லைட், புகைச் சான்றிதழ் வேலைகளை ஆய்வுக்கு ஒரு மாதம் முன்பே முடித்து, அந்த ஒரு மாதம் வண்டியை ஓட்டிப் பாருங்கள். புதுசாகப் போட்ட வீல் சிலிண்டரோ சீலோ கசிந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.